13 மாதச் சம்பளத்துக்கு ஒரு லென்ஸ் வாங்கலாமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வயது 38. கணவரும் வேலைக்குப் போகிறார். ஆறு வருடமாகப் பறவைகளைப் படமெடுக்கிறேன். மகனுக்கு விமானம் என்றால் உயிர் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை விமான சாகசக் காட்சிக்கும் போவோம். கையில் இருப்பது நிக்கான் டி7200 கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும். பறவை எப்போதும் புள்ளியாகத்தான் விழுகிறது. கூட வரும் நண்பர்கள் "600 மி.மீ. எஃப் 4 வாங்கிவிடு, ஆயுசுக்கும் போதும்" என்கிறார்கள். அதன் விலை என் 13 மாதச் சம்பளம். எங்கள் மொத்தக் கையிருப்பே என்னுடைய 5 மாதச் சம்பளம்தான். அதில் 3 மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டினால், மீதியை 30 மாத வட்டியில்லாத் தவணையில் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். ஒருவர் பயன்படுத்திய நிக்கான் 200-500 லென்ஸ் ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கிறது. படங்களை விற்றே தவணையைக் கட்டிவிடலாம் என்றும் ஓர் எண்ணம். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம். முதலில் தவணையைப் பேசிவிடுவோம், லென்ஸ் அப்புறம்.

மீதி 10 மாதச் சம்பளத்தை 30 மாதத்தில் கட்டுவதென்றால், மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும். இரண்டரை வருடத்துக்கு. கையில் மிஞ்சுவது 2 மாதச் சம்பளம். அதற்குள் வீட்டில் ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ, இருவரில் ஒருவருக்கு வேலை போனாலோ, அந்த லென்ஸைத்தான் விற்க வேண்டியிருக்கும். அவசரத்துக்கு விற்கிற பொருளுக்கு யாரும் நல்ல விலை தருவதில்லை. வட்டியில்லை என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுத்தால் என்ன விலை என்று அதே கடையில் கேளுங்கள். விலை குறைந்தால், குறைகிற அந்தத் தொகைதான் வட்டி.

ஆகவே, தவணையில் 600 வேண்டாம். ஒரு மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கிற 200-500ஐ, நன்றாகச் சோதித்துப் பார்த்து, ரொக்கமாக வாங்குங்கள். மீதி 4 மாதச் சம்பளம் வங்கியிலேயே இருக்கட்டும். அதைக் கேமராப் பணம் என்று நினைக்காதீர்கள், அது வீட்டின் அவசரப் பணம்.

உங்கள் நண்பர்கள் அந்த லென்ஸைப் பற்றிச் சொல்வதில் பொய் இல்லை. எஃப் 4 என்றால், ஒளி நுழையும் வாயின் அகலம் குவிய நீளத்தில் (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்) நான்கில் ஒரு பங்கு. 600ஐ 4ஆல் வகுத்தால் 150 மி.மீ. 200-500 ஓர் எஃப் 5.6 லென்ஸ்; அதே கணக்கில் அதன் 500 மி.மீ.க்கு 90 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். 150 மி.மீ. அகலக் கண்ணாடியைக் குறையில்லாமல் செய்து முடிப்பதற்குத்தான் அந்த விலை. லாபமும் உண்மையானது. எஃப் 5.6ஐவிட இரண்டு மடங்கு ஒளி வரும். விடிகாலை மங்கல் வெளிச்சத்தில் எஃப் 5.6இல் ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்; கூட்டினால் படத்தில் புள்ளி தட்டும்) 6400 வைக்க வேண்டிய இடத்தில், எஃப் 4இல் 3200 போதும். டி7200இல் அந்த வித்தியாசம் படத்தின் கருமையான பகுதிகளில் நன்றாகவே தெரியும். பின்னணியும் கரைந்து பறவை தனியாக எழுந்து நிற்கும்.

ஆனால் உங்கள் தேவை இரண்டு. மகனின் விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். காட்சி நடப்பது பெரும்பாலும் பட்டப்பகலில். ஜெட் விமானத்துக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/1600 நொடி வைத்தாலும் எஃப் 8 வரை (எண் கூடக் கூட வாய் சுருங்கும்) மூடிக்கொள்ள வெளிச்சம் இருக்கும். விசிறி வைத்த விமானத்துக்கு 1/200 நொடி அளவுக்கு இறங்கியாக வேண்டும். இல்லையென்றால் விசிறி உறைந்துபோய், விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை மாதிரி தெரியும். நல்ல வெயிலில் அவ்வளவு மெதுவாக எடுக்க எஃப் 11க்கும் மேலே போக நேரும். எஃப் 4க்குக் கொடுத்த பணம் அங்கே சும்மா தூங்கும். இன்னொன்றும் உண்டு. உங்கள் கேமராவின் சென்சார் சிறியது. பார்வைக் கோணம் 1.5 மடங்கு குறுகுவதால் 600 என்பது 900 போல நடந்துகொள்ளும். அணிவகுத்து வரும் விமானங்கள் தலைக்கு மேலே வரும்போது, ஜூம் இல்லாத லென்ஸில் ஒன்றின் வால் மட்டும்தான் கிடைக்கும். உங்கள் தேவையில் ஒரு பாதிக்கு, விலை கூடிய லென்ஸ்தான் உதவாத லென்ஸ். இந்தக் காரணத்துக்காகவே 70-300ஐ விற்றுவிடாதீர்கள். அணிவகுப்புக்கு அதுதான் கைகொடுக்கும்.

நான் எந்தப் பெரிய செலவுக்கும் போடுகிற கணக்கு, ஒரு நாள் பயன்பாட்டுக்கு எவ்வளவு என்பது. பள்ளி வேலையோடு வருடத்துக்கு 20 நாள் பறவைக்கு, 2 நாள் விமானத்துக்கு என்று வைப்போம். 5 வருடத்தில் 110 நாள். 600ஐ அப்புறம் பாதி விலைக்கு விற்றாலும் ஆறரை மாதச் சம்பளம் போயிருக்கும். அதாவது 195 நாள் சம்பளம். கேமராவைத் தோளில் மாட்டும் ஒவ்வொரு நாளுக்கும் கிட்டத்தட்ட இரண்டு நாள் உழைப்பு. 200-500ஐயும் பாதி விலைக்கே விற்பதாக வைத்தால் போவது 15 நாள் சம்பளம். ஒரு நாளுக்கு, சுமார் ஒரு மணி நேர உழைப்பு. என் அனுமான எண்களை மாற்றி நீங்களே போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 100 நாள் காட்டில் இருப்பவருக்கு விடை வேறாக வரலாம்.

கடைக்காரர் சொன்னது எந்த 600 என்று நீங்கள் எழுதவில்லை. இதைக் கட்டாயம் கேளுங்கள். 2022இல் வந்த இசட் மவுண்ட் (நிக்கானின் புதிய மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத, கேமராக்களுக்கான லென்ஸ் பொருத்தும் வாய்) 600 என்றால், அது உங்கள் டி7200இல் பொருந்தவே பொருந்தாது. இரண்டு வகையையும் இணைக்கும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டர் ஒருவழிப் பாதை. உங்கள் டி7200க்கான பழைய எஃப் மவுண்ட் லென்ஸ் புதிய மிரர்லெஸ் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா) ஏறும்; புதிய லென்ஸ் பழைய பாடியில் ஏறாது. அப்படியானால் அந்த 13 மாதத்துக்கு மேல் ஒரு பாடி, கனம் தாங்கும் முக்காலி, அதற்கான தலை எல்லாம் சேரும்.

200-500 இந்த விஷயத்திலும் உங்களுக்குச் சாதகம். 2015இல் வந்த லென்ஸ் அது. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், நாளைக்கு நீங்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். முன்பே எச்சரித்துவிடுகிறேன், முக்காலி வளையத்தோடு சுமார் 2.3 கிலோ. குவியம் பிடிக்கும் வேகம் சுமார்தான். குறுக்கே பாயும் சின்னப் பறவை கொஞ்சம் சோதிக்கும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கும், வானத்தில் சீராகப் போகும் விமானத்துக்கும் தாராளமாகப் போதும். 500 உங்கள் கேமராவில் 750 போலத் தெரியும். புள்ளி பறவையாகிவிடும்.

பாடியை இப்போது தொடாதீர்கள். லென்ஸில் போட்ட பணம் மெதுவாகத் தேயும், பாடியில் போட்டது வேகமாகக் கரையும். 2016இல் நொடிக்கு 10 படம் எடுத்த நிக்கான் டி500 பாடியைக் கண்டு எல்லோரும் ஏங்கினார்கள். 2024இல் வந்த மிரர்லெஸ் பாடி இசட்50 II, பறவையையும் விமானத்தையும் தானே அடையாளம் கண்டு குவியம் பிடிக்கிறது. ஒன்றிரண்டு வருடம் மாதாமாதம் சிறு தொகை ஒதுக்கி வாருங்கள். அடுத்த செலவு அப்படி ஒரு பாடியாக இருக்கட்டும். அதற்குள் விலையும் இறங்கியிருக்கலாம்.

எஃப் 4 ஆசை மனதில் இருந்துகொண்டேதான் இருக்கும், எனக்குத் தெரியும். வாடகைக்கு எடுங்கள். வருடத்தில் ஒரு நல்ல பயணத்துக்கு, இரண்டே நாளுக்கு. வைப்புத் தொகை எவ்வளவு, சேதமானால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதில் நான் ஒருமுறை சூடுபட்டிருக்கிறேன். சாயங்காலம், டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தபோது உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. சரிசெய்யக் கேட்ட தொகை, வாங்கிய விலையில் பாதி. அதனால் பகலில் போங்கள். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். உங்கள் டி7200ஐயே கொண்டுபோய் மாட்டி, 200, 350, 500 மூன்றிலும் தூரத்திலும் கிட்டத்திலும் எடுத்து, கேமராத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். குவியம் ஒரே சீராக முன்னேயோ பின்னேயோ விழுந்தால் பயப்பட வேண்டாம், டி7200இலேயே அதைச் சரிசெய்யும் அமைப்பு இருக்கிறது. ஜூம் வளையம் எங்காவது சிக்கினால் திரும்பி வந்துவிடுங்கள். அசல் ரசீது இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

படம் விற்றுத் தவணை கட்டும் திட்டம் எனக்குக் கவலையாக இருக்கிறது. விற்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் தவணை ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் வரும், பட வருமானம் அப்படி வராது. முதலில் 200-500இல் எடுத்ததை விற்றுப் பாருங்கள். 12 மாதம் வந்ததைக் குறித்து வையுங்கள். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த லென்ஸைப் பேசலாம். காசு வாங்கி எடுக்க ஆரம்பித்தால், காப்பீட்டு நிறுவனத்திடம் அதைச் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பொருள்களுக்கான பாலிசி, தொழிலுக்குப் பயன்படும் கருவியை ஏற்காமல் போகலாம்.

கடையில் முன்பதிவுப் பணம் ஏதாவது கட்டிவிட்டீர்களா என்று எழுதவில்லை. கட்டியிருந்தால் நாளைக்கே போய், திரும்பப் பெற எத்தனை நாள் அவகாசம் என்று கேளுங்கள். தவணை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவரோடு உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.