அம்மாவின் புதுப் போன்: கடைக்காரர் போட்ட ஆப்களை முதலில் எடுத்துவிடுங்கள்

கேள்வி: துபாயில் வேலை செய்கிறேன். கருங்கல் பக்கம் தனியாக இருக்கும் என் அம்மாவுக்கு (வயது 62) மார்த்தாண்டத்தில் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தோம். 'தேவையான ஆப் எல்லாம்' போட்டுத் தருவதாகச் சொல்லி கடையில் 500 ரூபாய் தனியாக வாங்கியிருக்கிறார்கள். முப்பதுக்கும் மேல் இருக்கிறது. அம்மாவுக்கு உண்மையிலேயே பயன்படும் இலவச ஆப்கள் எவை? ஜிபே மட்டும் எத்தனை முறை முயன்றாலும் பதிவாக மாட்டேன் என்கிறது.

பதில்: இலவச ஆப்பைப் போட்டுத் தர 500 ரூபாய் என்பதே முதல் ஏமாற்று. அதைவிடக் கவலைப்பட வேண்டியது, அந்தப் போன் எந்த ஜிமெயில் கணக்கில் ஓடுகிறது என்பது. அவசரத்துக்குக் கடைக்காரரே ஒரு கணக்கு உருவாக்கி, பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது. அம்மாவின் போட்டோ, தொடர்பு எண்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் போனை முழுமையாக ரீசெட் செய்வதே நல்லது. ஆனால் அந்தக் கணக்கை 'ரிமூவ்' செய்த பிறகே ரீசெட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் போன் மறுபடி உயிர் பெற்றதும் பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடலாம். கடைக்காரரிடமே போய் நிற்க வேண்டியதாகும். பிறகு அம்மா பெயரில் புதுக் கணக்கு தொடங்கி, மீட்பு எண்ணாகவும் மீட்பு மின்னஞ்சலாகவும் உங்களுடையதைக் கொடுங்கள். முதல் அமைப்பின்போது 'இந்த ஆப்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கம்பெனியே ஒரு பட்டியல் நீட்டும். எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

ரீசெட் செய்ய மனமில்லையா? கிளீனர், பேட்டரி சேவர், வேகம் கூட்டுவது, கடன் தருவது, ரம்மி, இலவச விபிஎன் (இணையத் தடையைச் சுற்றிப் போகும் ஆப்) எல்லாவற்றையும் அழியுங்கள். பிறகு செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, அதில் வாட்ஸ்அப், குரோம், பைல் மேனேஜர் எதற்கும் அனுமதி இல்லாதபடி வையுங்கள். 'ஆக்சசிபிலிட்டி' பகுதியில் ஏதாவது ஆப் இயக்கத்தில் இருந்தால் நிறுத்துங்கள். திரையைப் படிக்கவும் தானாக அழுத்தவும் திருட்டு ஆப்கள் இந்த அனுமதியைத்தான் பிடித்துக்கொள்கின்றன. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகள் (பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப்பைப் போடுபவை) பணத்தைத் திருடுவது இந்த வழியில்தான்.

இனி எவை வேண்டும் என்று பார்ப்போம். பிளே ஸ்டோரில் தேடும்போது மேலே முதலில் வருவது பெரும்பாலும் விளம்பரம். ஆப்பின் பெயருக்குக் கீழே இருக்கும் வெளியீட்டாளர் பெயரைப் படித்த பிறகே போடுங்கள்.

உங்களோடு பேச வாட்ஸ்அப் போதாது. துபாயில் அதன் குரல், வீடியோ அழைப்புகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. உங்களுக்கும் அம்மாவுக்கும் பாட்டிம் (BOTIM) என்ற அழைப்பு ஆப்பைப் போட்டால் வேலை முடிந்தது. இதற்காக விபிஎன் போட்டுத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். உங்களுக்கு அங்கே சட்டச் சிக்கலும் வரலாம். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குப் பாதுகாப்பு எண்ணைப் போட்டு, குழுக்களில் சேர்க்கும் உரிமையைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள்.

சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போவதானால் ரயில்ஒன் ஆப் உதவும். குழித்துறையிலோ இரணியலிலோ வரிசையில் நிற்காமல் முன்பதிவில்லா டிக்கெட் எடுக்கலாம். எடுத்த போனிலேயே அந்த ஆப்பைத் திறந்து காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்தால் டிக்கெட் இல்லாத பயணிதான். மலையாளம் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாதவர்களுக்கு, ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையை கேமராவில் காட்டினால் கூகுள் டிரான்ஸ்லேட் தமிழில் தரும்.

காவல் உதவி ஆப் தமிழ்நாடு காவல்துறையுடையது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். தனியாக இருப்பவர் போனில் இது முகப்பிலேயே இருக்கட்டும். தோட்டம் இருந்தால் உழவன் ஆப். கடற்கரை உறவினர்களுக்கு, கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் சமுத்ராவைச் சொல்லுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் தாக்கியபோது எச்சரிக்கை எட்டாத தூரத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆழ்கடலில் சிக்னல் கிடையாது, ஆகவே வள்ளம் இறக்கும் முன்பே பார்க்க வேண்டும். கள்ளக்கடல் (திடீரெனக் கரையேறும் பேரலை) எச்சரிக்கையும் அதில் வரும்.

கரண்ட் பில்லுக்குத் தனி ஆப் வேண்டாம். யுபிஐ ஆப்பிலேயே மின் இணைப்பு எண்ணைப் போட்டுக் கட்டலாம். 'இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று யாரோ ஒருவரின் மொபைல் எண்ணோடு வரும் எஸ்எம்எஸ் மோசடி. அம்மாவிடம் இதைப் பலமுறை சொல்லுங்கள்.

ஜிபே ஏன் வரவில்லை? யுபிஐ பதிவின்போது அந்தப் போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். வங்கிக் கணக்கில் பதிவான எண்ணின் சிம் அதே போனில் இருக்க வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியுள்ள ரீசார்ஜும் வேண்டும். பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டில் ஒன்றுதான். உங்கள் வீட்டில் எண்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் குமரி மாவட்டத்தில் வளைகுடா போன பிள்ளைகளின் எண்ணே தாய் தந்தையின் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ், ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் பதிவாகியிருக்கும். அப்பாவின் பழைய எண் என்றால் இன்னும் ஆபத்து: தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாத எண்ணைக் கம்பெனி நிறுத்தி, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். உங்கள் வங்கி ஓடிபி அவருக்குப் போகும்.

இதைச் சரிசெய்யும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் அம்மா பெயரில் ஒரு சிம். விரல் ரேகை வைக்கும்போது 'பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்' என்று சொல்லி அவர் பெயரில் இரண்டாவது சிம் எடுத்துவிடும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அதனால் சிம் வந்ததும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பில் அவர் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பாருங்கள். தெரியாத எண் இருந்தால் அங்கேயே 'என்னுடையது அல்ல' என்று தெரிவிக்கலாம். அடுத்து ஆதார். அஞ்சலகத்திலோ வங்கியிலோ உள்ள ஆதார் மையத்துக்கு அம்மா நேரில் போய் மாற்றலாம். எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம், கட்டணம் 75 ரூபாய். கூடக் கேட்டால் ரசீது கேளுங்கள். மூன்றாவதாக வங்கிக் கிளையில் விண்ணப்பம். ஆதாரில் மாறினால் வங்கியில் தானாக மாறிவிடும் என்று கணினி மையத்தில் சொல்வார்கள், மாறாது. கேஸும் ரேஷனும் கடைசியில் போதும். ஒரே எண்ணை மாற்ற 62 வயதுப் பெண்மணி இத்தனை கவுண்டர் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஆதாரோடு இணைக்கச் சொல்லிக் கெடு வைத்தவர்கள், மாற்றும் வேலையை மட்டும் மக்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்த அலைச்சலில்தான் இடைத்தரகர் பிழைக்கிறார்.

ஓய்வூதியமோ நீங்கள் அனுப்பும் பணமோ சேரும் கணக்கை யுபிஐயில் இணைக்க வேண்டாம். இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு, அதை இணையுங்கள். திருட்டுப் போனாலும் அந்தத் தொகையோடு நிற்கும். புதுப் போனில் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும், பயப்பட வேண்டாம். பணம் வாங்க யுபிஐ ரகசிய எண் (PIN) போடத் தேவையே இல்லை. கேட்டால் அது திருட்டு.

எண் சரியான பிறகு டிஜிலாக்கர் போடுங்கள். அதில் துறைகளே வழங்கும் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் அசலுக்குச் சமம். நாமே போட்டோ எடுத்து ஏற்றுவது அப்படியல்ல. டிஜிலாக்கரின் ரகசிய எண்ணை (PIN) கணினி மையத்தில் சொல்லக் கூடாது. பட்டா நகலுக்கு ஆப்பும் வேண்டாம், 200 ரூபாயும் வேண்டாம்; அரசு இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் இலவசமாக வரும்.

போன் வாங்கிய பில்லும் பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ என்ற போன் அடையாள எண்ணை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் தொலைந்தால் காவல்நிலையப் புகார் நகலையும் இந்த எண்ணையும் கொடுத்து சஞ்சார் சாத்தி மூலம் முடக்கலாம். பணம் போய்விட்டால் முதலில் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். வங்கியின் பெயர், பரிவர்த்தனை எண், நேரம் மூன்றும் கேட்பார்கள். 'மேனேஜர் நாளைக்கு வருவார்' என்று கிளையில் சொன்னால் காத்திருக்க வேண்டாம். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன்பு புகார் பதிவானால்தான் நிறுத்திவைக்க முடியும்.