கடலில் பாசி எடுக்கப் போகிற அம்மாவுக்கு உடம்பு முழுக்க வலி, டெஸ்ட் எல்லாம் நார்மல். அடுத்து எந்த டாக்டரிடம் போவது?

அடுத்த டாக்டரே வேண்டாம் என்பேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊர்ப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தோடு சேர்ந்து பிசியோதெரபி பார்க்கிறேன். உங்கள் அம்மாவைப் போலக் கடலுக்குள் பாசி எடுக்கப் போகிற பெண்களில், இன்று இடுப்பு நாளை தோள் என்று வலிக்கிறவர்கள் இங்கே நிறைய. ராமநாதபுரத்தில் எக்ஸ்ரே, மதுரையில் ஸ்கேன் என்று அலைந்து ஃபைல்தான் தடிக்கிறது.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. 3 மாதத்துக்கு மேல் நீடித்தால், உடம்பில் புதிதாக எதுவும் கெடாமலே நரம்பும் மூளையும் வலியைக் கூட்டிக் காட்டப் பழகிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் இதற்குத் தனி இடமே உண்டு, அதனால் "எல்லாம் மனசுதான்" என்று சொல்கிறவர்களை விட்டுத் தள்ளுங்கள்.

ரத்த அளவு, சர்க்கரை, தைராய்டு பார்த்தாகிவிட்டதா? சரி, போதும். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கால் பலமிழப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது, காலையில் விரல்கள் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருப்பது, இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். மற்றபடி ஒரே டாக்டர், மாதம் ஒரு தடவை, வலி கூடினாலும் குறைந்தாலும் போய்விட வேண்டும்.

மெடிக்கலில் பொட்டலம் கட்டித் தரும் செட் மாத்திரையும் வலி ஊசியும்தான் எனக்குப் பெரிய கவலை. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை விடாமல் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம், பிரஷர் ஏறலாம், செட்டுக்குள் ஸ்டீராய்டும் இருக்கலாம். பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல், காரணம் தெரியாத இந்த வகை வலிக்குப் பாராசிட்டமாலைக்கூடப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்கிறது, அது முன்வைப்பதில் முக்கியமானது உடற்பயிற்சி. டாக்டர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால், மனநோய் மாத்திரை என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், நரம்பு வலிக்கும் அதைத்தான் கொடுப்பார்கள்.

அப்புறம், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகிற நாட்களில் உடம்பை முறித்துவிட்டு, இடைப்பட்ட நாளெல்லாம் படுத்தே கிடப்பார்கள். அந்தப் படுக்கைதான் ஆகாது. பாசி இல்லாத நாளிலும் காலையில் கொஞ்சம் நடக்கட்டும், பாசி நாளில் கொஞ்சம் முன்னதாகக் கரையேறட்டும் (வருமானம் குறையும், தெரியும், அதை வீட்டில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்). நடக்கத் தொடங்கிய புதிதில் வலி கொஞ்சம் கூடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாளே ஊசி போடக் கிளம்பிவிடுவார்.