குழியில் இறங்கிய ஸ்கூட்டிக்கு இழப்பீடு

சகோதரி, கிருஷ்ணகிரியில் மூடியில்லாத சாக்கடைக் குழியில் ஸ்கூட்டி இறங்கி ஃபோர்க் வளைந்துவிட்டது, நகராட்சியிடம் பணம் கேட்கலாமா என்றீர்கள். கேட்கலாம். ஆனால் அந்தச் சாலை நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? தெரியாமல் மனு கொடுத்தால் அலைய விடுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அதற்குள் குழியை, பக்கத்துக் கடை போர்டும் தெரிகிற மாதிரி, இன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள். ராவோடு ராவாக ஜல்லி கொட்டி மூடிவிட்டால் சாட்சி போச்சு. மெக்கானிக்கிடம் துண்டுச்சீட்டு வேண்டாம், பில்லாகவே வாங்குங்கள். மனுவின் நகலில் தேதியோடு சீல் முக்கியம்.

மறுத்தால் சிவில் கோர்ட்தான். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.