போன முறை நிறுத்தியபோது வலிப்பு வந்தது... இந்த முறை?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பல வருடமாகத் தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்கும், குடித்தால்தான் நிற்கும். போன முறை நிறுத்தியபோது மறுநாளே வலிப்பு வந்தது. மறுபடி நிறுத்துகிறேன் என்கிறார். மாத்திரை, மறுவாழ்வு மையம், ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டம், எது நல்லது? அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை இணையத்தில் கிடைக்கிறதே? மாத்திரைக்கே அடிமையாகிவிடுவாரோ?

பதில்: எந்த வழி என்பதை அப்புறம் பார்க்கலாம். அந்த வலிப்புதான் முதல் விஷயம். தினமும் மது தணித்துவைக்கும் மூளை, அதை ஈடுகட்ட எப்போதும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடுகிறது. மது திடீரென்று நின்றால் முறுக்கு மட்டும் மிஞ்சும். சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். அதன்பின் சிலர் ஆள் தெரியாமல் உளறுவார்கள், போர்வையில் இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்த டெலிரியம் உயிரையே எடுக்கக்கூடியது. ஒருமுறை வலிப்பு கண்டவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே வீட்டில் நிறுத்தவே கூடாது. மருத்துவமனையில் சேர்த்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், நடுக்கத்துக்கு நாளுக்கு நாள் அளவைக் குறைத்துத் தரும் மாத்திரையும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். சேரும்வரை அவராகத் திடீரென்று விட வேண்டாம். டாக்டரே குடிக்கச் சொல்கிறாரே என்று கோபப்படாதீர்கள். ஓரிரு நாளில் சேர்த்துவிடுங்கள்.

கலந்து கொடுக்கும் யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். அது டைசல்ஃபிரம் (மேலே மது குடித்தால் உடம்பைப் படுத்தும் மருந்து) என்றால், அது தெரியாமல் மது குடிப்பவருக்கு நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயமே பாதிக்கப்படலாம். வேறு ஏதாவது பொடி என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே வெளிச்சம்.

அடிமையாவாரோ என்ற பயம், ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்டுக்குத் தேவையில்லை. ஈரல், சிறுநீரகம் பார்த்துத் தருவார்கள். ஆஸ்பத்திரியில் நடுக்கத்துக்குத் தரும் மாத்திரைதான் பழக்கமாகும். மிச்சமான அட்டையை வீட்டில் வைக்காதீர்கள்.

சரி, எந்த வழி? 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏ இன்றும் கட்டணமில்லாமல் நடக்கிறது. தன்னைப் போன்றவர்களோடு உட்கார்ந்து பேசுவது பலரின் குடியை நிறுத்தியிருக்கிறது. கூட்டமே பிடிக்காதவருக்குத் தனி ஆலோசனை. மாத்திரையோடு இரண்டும் ஒத்துப்போகும். அவர் எதற்குத் தவறாமல் போவாரோ அதுதான் நல்லது, அதை அவரிடமே கேளுங்கள். முதல் மாதங்களில் மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் வீண் என்று மூட்டை கட்டாதீர்கள். மறுநாளே கூட்டிப்போங்கள், மருந்தையோ வழியையோ மாற்றலாம்.

சேர்க்கும்போது முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "போன முறை நிறுத்தியபோது வலிப்பு வந்தது."