பிராக் போகலாம், கார்டைத் தொடாமல்

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். நானும் மனைவியும் இந்த வருடம் வியன்னா, ரோம், ஆம்ஸ்டர்டாம் பார்த்துவிட்டோம், எல்லாம் கிரெடிட் கார்டில். பாக்கி 2,900 யூரோ, வட்டி 19%, மாதம் 100 யூரோ கட்டுகிறேன். நவம்பர் கடைசியில் பிராக் போகத் திட்டம். மூன்று இரவு அறை, படகில் டின்னர், ஊரில் அக்கா கேட்ட கண்ணாடிக் கிண்ணங்கள் எல்லாம் சேர்த்து 1,400 ஆகும். பேங்க் ஆப் அதைச் சின்னத் தவணையாகப் பிரித்துத் தருகிறேன் என்கிறது. போன மாதம் ஈடிஎஃப்பில், அதாவது பங்குச் சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்டில், மாதம் 150 யூரோ போட ஆரம்பித்திருக்கிறேன். இருந்தும் ராத்திரி தூக்கம் வருவதில்லை. போகலாமா?

பதில்: தூக்கத்தைக் கெடுப்பது அந்த மாதம் 100 யூரோதான். 2,900க்கு 19% என்றால் மாத வட்டி மட்டுமே சுமார் 46 யூரோ, நீங்கள் கட்டுவதில் அசலுக்குப் போவது 54. இனிமேல் அந்தக் கார்டில் ஒரு காப்பிகூடக் குடிக்காமல் இருந்தாலும் கடன் தீர 39 மாதம். இதன்மேல் பிராக் 1,400ஐ ஏற்றினால் பாக்கி 4,300, வட்டி 68, அசலுக்கு வெறும் 32, தீர ஏறக்குறைய 73 மாதம். நான்கு நாள் பயணத்துக்காக 34 மாதம் கூடுதலாக நூறு நூறாகக் கட்டுவீர்கள், அதாவது 3,400 யூரோ. போன ஊரின் கடன் தீராமல் அடுத்த ஊருக்கு டிக்கெட் போடுகிற இந்தப் பழக்கத்தை நிறுத்தினால் போதும், மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

ஆப் தருகிற தவணை வேண்டவே வேண்டாம். மாதம் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் காட்டுவார்கள், கட்டணமெல்லாம் சேர்த்து வருட வட்டி எத்தனை சதவீதம் என்று தேடிப் பாருங்கள், உங்களுக்கே மனசு வராது. ஈடிஎஃப்பையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். எல்லோரும் போடுகிறார்கள் என்று நீங்களும் போடுகிறீர்கள், ஆனால் 19% கடனை வைத்துக்கொண்டு முதலீடு செய்பவருக்கு அந்த 19%ஐ உறுதியாகத் தருகிற ஃபண்ட் எதுவும் கிடையாது, கடனை அடைத்தால்தான் அது மிச்சமாகும். அந்த 150ஐயும் கார்டுக்கே திருப்பி மாதம் 250 கட்டினால் 13 மாதத்தில் முடிந்துவிடும்.

சரி, பிராக். போங்கள், ஆனால் ஜனவரியில். பழைய நகரச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை ஜனவரி 6 வரை நடக்கும், அதுவரை அறை விலை இறங்காது. நவம்பரில் போனஸ் வருமென்றால் அதிலிருந்து 600 யூரோவை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், மீதி முழுக்க கார்டுக்கு. என் கணக்கு தோராயமாக: இருவருக்கும் பஸ் போய்வர 110, மையத்திலிருந்து நாலு ஸ்டாப் தள்ளி அறை மூன்று இரவுக்கு 240, சாப்பாடு 160, டிராம் பாஸும் நுழைவுச் சீட்டும் 80. அறுநூறுக்குள் அடங்கிவிடும்.

அந்த ஊரில் பார்க்க வேண்டிய பெரிய விஷயங்களுக்குக் காசே இல்லை, அதனால்தான் 1,400 என்று படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது. 1357ல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலத்தில் காலை ஆறரைக்கு நில்லுங்கள், சிலைகளும் ஆற்றுப் பனியும் நீங்களும்தான் இருப்பீர்கள். 1410ஆம் ஆண்டு வானியல் கடிகாரத்தின் முன்னால் மணி அடிக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள்: பக்கத்தில் இருக்கிற எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணியடிக்கும், மேலே இரண்டு சின்ன ஜன்னல்களில் இயேசுவின் பன்னிரண்டு சீடர்களின் பொம்மைகளும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துப் போகும், கடைசியில் சேவல் கூவும். 22ஆம் நம்பர் டிராம் கோட்டைப் பக்கம் ஏற்றிவிடும், முற்றங்களில் நடக்கச் சீட்டு தேவையில்லை. 1344ல் தொடங்கி 1929ல்தான் முடித்த புனித விட்டுஸ் பேராலயத்தை உள்ளே முழுக்கச் சுற்றிப் பார்க்க மட்டும் சீட்டு எடுங்கள், அது கொடுக்கத் தகுந்த காசு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. செக் நாடு யூரோவுக்கு மாறவில்லை, அங்கே கொருனாதான். ஏடிஎம்மிலோ கடையிலோ மெஷின், யூரோவில் கழிக்கவா கொருனாவில் கழிக்கவா என்று கேட்கும், கொருனாவையே அழுத்துங்கள். யூரோவை அழுத்தினால் மெஷின்காரர் வைத்த விலையில் மாற்றிக் கழிப்பார்கள். அதற்கும் டெபிட் கார்டுதான், கிரெடிட் கார்டு வீட்டிலேயே இருக்கட்டும். பணம் மாற்றும் கடையில் மாற்றி ஏமாந்துவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு அதே கடைக்குத் திரும்பிப் போங்கள். 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை ரத்து செய்யச் சொல்லி 2019 முதல் சட்டமே இருக்கிறது.

அக்காவிடம் இன்றைக்கே போன் போட்டு, கிண்ணம் இந்தத் தடவை இல்லை, கடன் இருக்கிறது என்று அப்படியே சொல்லிவிடுங்கள். தம்பி கடன் வாங்கிக் கண்ணாடிச் சாமான் அனுப்பினான் என்று தெரிந்தால் எந்த அக்காவும் சந்தோஷப்பட மாட்டாள். படகு டின்னருக்குப் பதில் ஒருநாள் மாலை ஆற்றங்கரையில் மனைவியோடு நடந்து பாருங்கள். பிப்ரவரி மாதக் கார்டு பில்லில் பாக்கி எவ்வளவு என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.