மாடாய் உழைக்கும் பிள்ளைக்குத் தீபாவளி லீவு ஏன் கிடைக்கவில்லை?

அம்மா, வணக்கம்.

போன சனிக்கிழமை நீங்களும் உங்கள் மகன் தம்பியும் பட்டர்வொர்த்தில் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தபோது முக்கால் மணி நேரமும் நீங்கள்தான் பேசினீர்கள். தம்பி தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்று நேரமில்லாமல் விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, தம்பி பினாங்கின் பிறை வட்டாரத்தில் உள்ள பார்சல் கிடங்கில் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. லாரியிலிருந்து இறக்குவது, ஸ்கேன் செய்வது, ஊர்வாரியாகப் பிரிப்பது என்று எதிலும் அவர் வரிசையில் அவர்தான் வேகம். இருந்தும் காலை ஷிப்டும் தீபாவளிக்கு முந்தின நாள் லீவும் பத்து வருஷம் ஆனவர்களுக்கே போகின்றன. "யூனியன் இருந்து என்ன பிரயோசனம்? வேலையை விட்டுவிடச் சொல்லட்டுமா?" என்று கேட்டீர்கள்.

இப்போதைக்கு விடச் சொல்லாதீர்கள். காரணத்தைச் சொல்லும் முன் நான் ஒன்று கேட்க வேண்டும். தம்பியின் சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது? கிடங்கை நடத்தும் நிறுவனமா, ஆள் அனுப்பும் ஏஜென்ட்டா? ஒரே சட்டை போட்டு, ஒரே இடத்தில், ஒரே பார்சலைத் தூக்கினாலும் இவை இரண்டும் ஒன்றல்ல. யூனியன் போட்ட கூட்டு ஒப்பந்தம் அந்த நிறுவனத்தின் ஊழியர்களுக்குத்தான். ஏஜென்ட்டின் ஆள் அங்கே ஐந்து வருஷம் உழைத்தாலும் அந்த நிறுவனத்தின் கணக்கில் அவருக்கு ஒரு நாள் சீனியாரிட்டியும் ஏறாது. தம்பி அப்படிச் சேர்ந்திருந்தால் என் ஆலோசனையே மாறிவிடும்: நேரடி வேலைக்கு எப்போது எடுப்பார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும், பதில் வராவிட்டால் வேறு இடம் தேட வேண்டும். இதைப் பார்க்காமலேயே உழைப்பு பெரிதா, சீனியாரிட்டி பெரிதா என்று வீட்டில் வாதாடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நேரடி ஊழியர் என்றே வைத்துக்கொள்வோம். நம் மலேசிய வேலைச் சட்டம் வருடங்களை எண்ணித்தான் சலுகை தருகிறது. இரண்டு வருஷத்துக்குள் ஆண்டு விடுப்பு 8 நாள், இரண்டு முடிந்தால் 12, ஐந்து முடிந்தால் 16. எம்.சி. என்கிற நோய் விடுப்பும் அப்படித்தான்: 14, 18, 22 நாள். ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதத் தொடர் சேவை வேண்டும். அதன் பிறகு வருஷத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு வருஷம் தாண்டினால் 15, ஐந்து தாண்டினால் 20. தம்பிக்குப் பன்னிரண்டு மாதம் நிறைய இன்னும் ஒரே மாதம்தான் பாக்கி. இந்த நேரத்திலா விடுவது? என்னிடம் வந்த ஒரு பையன் பத்துப் பத்து மாதமாக நான்கு கிடங்குகள் மாறினார். நல்ல உழைப்பாளி. ஆனால் இருபத்தேழு வயதிலும் அவருக்கு அதே 8 நாள் விடுப்புதான்.

ஆட்குறைப்பிலும் வருடம் பேசும். 1975ஆம் ஆண்டின் தொழில் நல்லிணக்க நடத்தை நெறி, ஒரே வகை வேலை செய்பவர்களுக்குள் கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்கிறது. தகுந்த காரணம் இருந்தால் முதலாளி அதிலிருந்து விலகலாம். காரணமில்லாமல் விலகினால் தொழில் நீதிமன்றம் கேள்வி கேட்கும். தோட்டத்தில் யூனியனைப் பார்த்து வளர்ந்த உங்கள் அப்பா காலத்துப் பெரியவர்களுக்கு இதன் அருமை தெரியும். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்குத்தான் வருடங்களை எண்ணுகிறார்கள். இன்று தம்பிக்கு எதிராகத் தெரியும் அதே கணக்கு, அவருக்கு முப்பத்தைந்து வயதாகி முதுகு வலிக்கும்போது அவர் பக்கம் நிற்கும்.

தீபாவளி விஷயத்தில் உங்கள் மனக்கஷ்டம் எனக்குப் புரிகிறது. சட்டம் கட்டாயமாக்கிய ஐந்து பொது விடுமுறைகளில் தீபாவளி இல்லை. வருஷத்துக்குக் கொடுக்க வேண்டிய பதினொன்றில் மீதி ஆறை நிறுவனம் தேர்ந்தெடுக்கும். பெரும்பாலானோர் தீபாவளியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் முந்தின நாளும் மறுநாளும் ஆண்டு விடுப்பில்தான் போக வேண்டும். நவம்பர் 11ஆம் தேதி இணையத் தள்ளுபடி விற்பனைப் பார்சல் குவிகிற நேரமும் அதை ஒட்டியே வருகிறது. எல்லோரும் கேட்கும் நாளை யாருக்குக் கொடுப்பது? வருட வரிசையில் கொடுத்தால் சண்டை வராது என்று சூப்பர்வைசர் நினைக்கிறார். இதை மாற்ற வழி உண்டு. பண்டிகை விடுப்பைச் சுழற்சி முறையில் கொடுக்கும்படி அடுத்த ஒப்பந்தத்தில் கேட்கச் சொல்லித் தம்பி யூனியன் கூட்டத்தில் எழுந்து பேசலாம். ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் போடுவது என்பதால், பேச்சு நடக்கும் நேரத்தை விட்டால் நெடுநாள் காத்திருக்க வேண்டும். இளைஞர்கள் கூட்டத்துக்கே போவதில்லை. பிறகு எல்லாம் சீனியருக்குத்தான் என்று வருந்துகிறார்கள்.

இனித் தம்பிக்கு. உழைப்பைவிடச் சீனியாரிட்டிதான் பெரிது என்று நீங்கள் கைப்பேசியில் காட்டிய அமெரிக்கக் காணொளியை நம்பி இங்கே கணக்குப் போடாதீர்கள். அங்கே யூ.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தில் டீம்ஸ்டர்ஸ் யூனியன் வலுவானது. 2023இல் போட்ட ஒப்பந்தத்தில் பகுதிநேர ஊழியருக்கே மணிக்கு 21 டாலருக்குக் குறையாமல் வாங்கிக் கொடுத்தார்கள். கிடங்கில் பகுதிநேரமாகப் பார்சல் ஏற்றுபவர் முழுநேர டிரைவர் ஆவதற்கு அங்கே சீனியாரிட்டிதான் ஏணி. அதனால், ‘விழுந்து விழுந்து உழைக்காதே, வருஷங்களை எண்ணு’ என்று அந்த ஊர் ஊழியர் சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கும்.

மலேசியாவில் அந்த ஏணி வேறு மாதிரி. 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம் 13(3) பிரிவின்படி, யாருக்குப் பதவி உயர்வு என்பது நிர்வாகத்தின் உரிமை. பதவி உயர்வுக்கான நடைமுறையைப் பற்றி யூனியன் பொதுவாகக் கேள்வி எழுப்பலாம். ‘பன்னிரண்டு வருஷம் ஆன இவரைத்தான் லைன் லீடர் ஆக்க வேண்டும்’ என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்ல முடியாது. ஆக, விடுப்பும் ஆட்குறைப்புப் பாதுகாப்பும் வருடத்தோடு போகின்றன. மேலே போகும் கதவு இங்கே வருடத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் உழைப்பை அந்தக் கதவுக்குத் திருப்புங்கள். லீவுப் பட்டியலோடு மோத வேண்டாம்.

எந்த உழைப்பு என்பதுதான் விஷயம். மற்றவர் நூறு தூக்கும்போது நீங்கள் நூற்றைம்பது தூக்கினால் நாளைக்கும் உங்களிடமே கனமான லாரியைக் கொடுப்பார்கள். முதுகுதான் போகும். சூப்பர்வைசர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது வேறு: தப்பான ஊருக்குப் போன பார்சல் எத்தனை, ஸ்கேன் ஆகாமல் தொலைந்தது எத்தனை, திங்கட்கிழமை எம்.சி. போட்டவர் யார். இந்த மூன்றிலும் உங்கள் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் மாறும்போது என்ன பாக்கி என்று மலாயில் நாலு வரி தெளிவாக எழுதிக் கொடுக்கப் பழகுங்கள். ஸ்டாக் கணக்கு பார்க்கும் கணினிப் பக்கம் யாராவது லீவு போட்டால், நான் உட்காரட்டுமா என்று கேளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த மாதம் எந்த வேலை கற்றீர்கள், யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று எழுதி, கிடைக்கும் கடிதங்களையும் பயிற்சிச் சான்றுகளையும் சேர்த்து வையுங்கள். அனுபவத்தையே ஆதாரமாகக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பெற பி.பி.டி. என்ற வழி இருக்கிறது. அதற்கு இப்படிப்பட்ட கோப்பைத்தான் கேட்பார்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர் உள்ள நிறுவனங்கள் பயிற்சிக்கென்று மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு எச்.ஆர்.டி. கோர்ப் என்ற அரசு அமைப்புக்குக் கட்டுகின்றன. போர்க்லிப்ட் பயிற்சிக்கு அனுப்புவீர்களா என்று கேட்பது பிச்சை கேட்பதல்ல.

ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்றால் மணிக்கு 8.17, ஓ.டி. ஒன்றரை மடங்கில் 12.26. மாதத்துக்கு 104 மணி நேரம்தான் உச்சம். அதை முழுக்கச் செய்தால் கூடுதலாக 1,275 ரிங்கிட் வரும், கையில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஓ.டி. பணத்துக்கு ஊழியர் சேமநிதி பிடிப்பதில்லை. முதலாளியின் 13 விழுக்காடும் அதன்மேல் வராது. வாரத்தில் இரண்டு மாலையாவது ஓ.டி. எடுக்காமல் படிப்புக்கு வையுங்கள். வீட்டுக்குப் பணம் குறைகிறதே என்று அம்மா கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை அவர் படிக்கும் கடிதத்திலேயே எழுதுகிறேன்.

அம்மா, ஒரு வேண்டுகோள். சூப்பர்வைசரைப் போனில் அழைத்துப் பேசப்போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கிடங்கில் அதைவிடப் பெரிய தலைகுனிவு இல்லை. யூனியன் பிரதிநிதியிடம் அவரே போய்ப் பேசட்டும்.

வரும் சனிக்கிழமை வரும்போது வேலை நியமனக் கடிதம், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், யூனியனிடம் வாங்கிய கூட்டு ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். இந்த முறை தம்பிதான் முதலில் பேச வேண்டும். வெள்ளி இரவு ஷிப்ட் என்றால் தூங்கி எழுந்து மத்தியானத்துக்கு மேல் வரட்டும். வேலை முடிந்த கையோடு தூக்கக் கலக்கத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். நான் ஐந்து மணி வரை இருப்பேன்.