பாட்டு மாறிப்போன இறுவட்டுகள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணை, லண்டனிலிருந்து சித்தப்பா 'ஒன்லி ஃபூல்ஸ் அன்ட் ஹோர்ஸஸ்' என்ற பிபிசி நகைச்சுவைத் தொடரின் இறுவட்டுத் (டிவிடி) தொகுதி அனுப்பினார். சில காட்சிகளில் வரும் பாட்டு, அவர் அந்தக் காலத்தில் ரீவியிலிருந்து பதிந்த கசற்றில் உள்ளது போல இல்லை. இது போலியா? (கொக்குவில்)

அசல்தான், பயப்பட வேண்டாம். பிரித்தானியாவில் பிபிசி போன்ற நிலையங்கள் பாடல் உரிமைச் சங்கங்களோடு மொத்தமாக உடன்படிக்கை செய்து பணம் கட்டிவிடும். பிறகு மதுக்கடைக் காட்சியில் அந்த வாரம் ஊரே முணுமுணுக்கும் பாட்டை ஓடவிட யாரிடமும் தனியாகக் கேட்கத் தேவையில்லை. ஆனால் அது ஒளிபரப்புக்கான ஏற்பாடு. இறுவட்டாக்கிக் கடையில் விற்பதென்றால் ஒவ்வொரு பாட்டுக்கும் திரும்பப் பேசவேண்டும். பேச்சு சரிவராத இடங்களில் வேறு இசையைப் போட்டார்கள், சில இடங்களில் வெட்டினார்கள். சித்தப்பாவிடம் அந்தக் கசற்றை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஒரு பாட்டுக்காக ஒரு தொடர் இருபது வருடம் முடங்குமா? பாடினவரிடம் ஒரு கையெழுத்து வாங்கினால் போதாதா? (சுண்டிக்குளி)

பாடினவர் பெரும்பாலும் இந்தக் கதையிலேயே இல்லை. மெட்டும் வரிகளும் ஒரு சொத்து, அது இசைப் பதிப்பகத்திடம் இருக்கும். அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னொரு சொத்து, அது இசைத்தட்டுக் கம்பனியிடம் இருக்கும். இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து எழுதிய பாட்டென்றால் நம்முடைய பங்குக் கிணறு மாதிரித்தான்: இரண்டு பங்காளி தலையாட்டி, மூன்றாமவர் கனடாவில் இருந்து மறித்தால் தண்ணீர் இறைக்க முடியாது.

'த வொண்டர் இயர்ஸ்' 1988 முதல் 1993 வரை ஓடிய அமெரிக்கத் தொடர். முகப்பில் ஜோ கொக்கரின் குரல். நெட்ஃபிளிக்ஸில் அது வந்தபோது அதே பாட்டை வேறொருவர் பாடியிருந்தார். மெட்டுக்கு அனுமதி கிடைத்தது, அந்தப் பதிவுக்குக் கிடைக்கவில்லை என்பதே அதன் அர்த்தம். கொக்கரின் குரலோடும் மற்றப் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றோடும் இறுவட்டு வந்தது 2014 இல்.

இதற்கெல்லாம் மூலகாரணம் பழைய ஒப்பந்தங்கள். காணி உறுதியில் எழுதாத பாதை நமக்குச் சொந்தமில்லை, இதுவும் அப்படித்தான். எழுபதுகளில் பாட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் ஒளிபரப்பு, மறுஒளிபரப்பு, அதுவும் இத்தனை வருடத்துக்கு என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர் முழுத் தொடரையும் வாங்கி வீட்டு அலுமாரியில் அடுக்குவார் என்று அப்போது யார் நினைத்தார்கள்?

'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' (1978-82) என்ற அமெரிக்கத் தொடர் இதில் மோசமாக அடிபட்டது. வானொலி நிலையத்தில் நடக்கும் கதை, அறிவிப்பாளர் சுழலவிடுவதெல்லாம் அந்தக் காலத்து உண்மையான ரொக் பாட்டுகள். உரிமக் காலம் முடிந்ததும் தொண்ணூறுகளின் மறுஒளிபரப்பிலேயே பாட்டுகளை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். பேச்சும் பாட்டும் ஒரே தடத்தில் கலந்திருந்தால் பாட்டை மட்டும் பிடுங்க முடியாது, பேச்சும் சேர்ந்து போகும். ஆகவே சில இடங்களில் வேறு குரல்களை வைத்து வசனத்தையே திரும்பப் பேசவைத்தார்கள். 2007 இல் முதல் பருவம் இறுவட்டாக வந்தது, ஏகப்பட்ட பாட்டு மாற்றங்களோடு. 2014 இல் ஷவுட் ஃபெக்டரி என்ற நிறுவனம் பெரும்பாலான பாட்டுகளை மீட்டு முழுத் தொடரையும் வெளியிட்டது. முதலாவதை வாங்கினவர்கள் இரண்டாவதையும் வாங்கவேண்டி வந்தது. என்னைக் கேட்டால், பாட்டைக் கொன்று சீக்கிரம் விற்பதைவிட ஏழு வருடம் காக்கவைப்பது மரியாதை.

காத்திருந்தும் வராதவையும் உண்டு. 'மேர்ஃபி பிரௌன்' என்ற அமெரிக்கத் தொடரின் முதல் பருவம் 2005 இல் வந்தது. அதில் ஒலித்தவை பெரும்பாலும் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பனியின் பாட்டுகள், விலை அதிகம், விற்பனையும் போதவில்லை. அடுத்த பருவங்கள் இறுவட்டாக வரவேயில்லை.

முகப்புப் பாட்டையே மாற்றுவார்களா? (மானிப்பாய்)

மாற்றியிருக்கிறார்கள். 'மேரீட் வித் சில்ட்ரன்' தொடருக்கு ஃபிராங்க் சினாட்ராவின் பாட்டு. முதல் இரண்டு பருவ இறுவட்டுகளில் அது இருந்தது. மூன்றாவதிலிருந்து பெயரில்லாத வாத்திய இசை. கோயில் திருவிழாவுக்கு நாதஸ்வரம் சொல்லிவிட்டு கீபோர்ட் வந்து நின்றது மாதிரி.

நாங்கள் நாலு நண்பர்கள் யூடியூபுக்காக ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்கிறோம். தேநீர்க்கடைக் காட்சியில் பழைய சினிமாப் பாட்டு பத்து செக்கன் மட்டும் கேட்கும். பத்து செக்கனுக்குப் பிரச்சினை இல்லை என்கிறார்களே? (திருநெல்வேலி)

யார் சொன்னார்கள் தம்பி? இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்று ஒரு விதி உண்டு. செக்கன் கணக்கு அதில் எங்கும் இல்லை. பழைய பாட்டுத்தானே என்றும் நினைக்காதீர்கள். இயற்றியவரின் ஆயுளோடு இன்னும் 70 வருடத்துக்கு உரிமை உயிரோடிருக்கும். 2024 இல் ஒரு மலையாளப் படத்தில் பழைய தமிழ்ப் பாட்டு ஒலித்ததற்காக இளையராஜா தரப்பு நோட்டீஸ் அனுப்பியது. தாங்கள் அனுமதி வாங்கியிருந்ததாகத் தயாரிப்பாளர் தரப்பு சொன்னது. பெரிய தயாரிப்புக்கே யாரிடம் வாங்குவது என்பதில் சண்டை வருகிறது.

உங்கள் ஊரில் பாட்டுப் போடும் பிள்ளைகளுக்கா பஞ்சம்? ஒருவரிடம் புதிதாக ஒரு மெட்டு வாங்குங்கள், கடைக்குள் ரேடியோவில் ஒலிப்பது போலப் போடுங்கள். நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். எல்லா ஊடகத்துக்கும், எல்லா நாட்டுக்கும், கால எல்லை இல்லாமல் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இன்னொன்று: படம் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு ரேடியோ ஓடினால் நிறுத்தச் சொல்லுங்கள். பேச்சோடு கலந்தால் பிறகு பிரிக்க முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். பாட்டை எப்போதும் தனித் தடத்தில் வையுங்கள்.

ரொறன்ரோவிலிருந்து வந்த இறுவட்டுகள் எங்கள் பிளேயரில் ஓடவில்லை. இதற்கும் உரிமைதான் காரணமா? (சாவகச்சேரி)

சுற்றிவளைத்தால் ஆம். உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பதால் இறுவட்டிலும் வலய எண் பூட்டியிருக்கும். கனடா வலயம் 1, லண்டன் 2, நாங்கள் 5. எல்லா வலயத்தையும் வாசிக்கும் பிளேயர் வாங்குங்கள்.

ஐயா, எண்பதுகளில் ரீவியில் பதிந்த கசற்றுகள் இரண்டு பெட்டி இருக்கிறது, பாட்டெல்லாம் அப்படியே. கொப்பி போட்டு விற்கலாமா? (பருத்தித்துறை)

விற்க முடியாது. ஆனால் பொக்கிஷம்தான், டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து விடியவிடியப் படம் பார்த்த தலைமுறைக்கு இது புரியும். உங்கள் கடற்கரை ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருக்கும். கசற்றின் கண்ணாடிப் பக்கத்தால் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கசற்றுக்கும் தொற்றும். அப்படியானவற்றை வேறு பெட்டியில் ஒதுக்கிவிட்டு, சுத்தமானவற்றை முதலில் கணினிக்கு மாற்றுங்கள்.